சால்மன் பிடிக்கப் போகிறீர்களா? விமான டிக்கெட்டைக் கடைசியாக எடுங்கள்

வாசகர் கேள்வி – மீன்பிடிப் பயண ஆலோசகர் பதில்

மேலூர் பக்கத்திலிருந்து 61 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் கண்மாயில் தூண்டில் போட்டு விரால், கெளுத்தி பிடித்தவர். ஊர் மீன்பிடித் திருவிழாவில் ஊத்தாவோடு இறங்கியவர். மகன் எடின்பரோவில் வேலை பார்க்கிறார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஸ்காட்லாந்து ஆற்றில் சால்மன் பிடிக்க வேண்டும் என்பது இவருடைய ஆசை.

அவர் போட்டிருக்கும் திட்டம் இது. டே ஆற்றில் ஜனவரி நடுவிலேயே சீசன் தொடங்கிவிடுகிறது, பிப்ரவரியில் டிக்கெட்டும் மலிவு. எனவே பிப்ரவரி பின்பாதியில் 12 நாள். மகனுக்கு லீவு இருக்கும் சனி, ஞாயிறுகளில் மீன்பிடிப்பு. "ஸ்காட்லாந்தில் யார் நிலத்திலும் நடக்கலாம் என்று சட்டமே இருக்கிறது, அதனால் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட யாரும் தடுக்க முடியாது" என்று மகன் சொல்லியிருக்கிறார். கம்பும் தூண்டில் நரம்பும் மதுரையிலேயே வாங்கிக்கொள்வார், இரைக்கு மண்புழுவும் இறாலும். இரண்டு மூன்று மீனை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து சொந்தபந்தத்துக்கு விருந்து வைக்க வேண்டும். மொத்தச் செலவுக்கு 4 லட்சம் ஒதுக்கியிருக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், இடது முழங்காலில் வலி உண்டு. மனைவியும் வருகிறார்; அவருக்கு மீன்பிடிப்பில் நாட்டம் இல்லை. இது நடக்குமா, எதை மாற்ற வேண்டும் என்று கேட்கிறார்.

அன்புள்ள ஐயா,

நடக்கும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் வரிசையில் நடக்காது. முதலில் டிக்கெட், அடுத்து மகனின் சனி ஞாயிறு, கடைசியில் ஆறு என்று வைத்திருக்கிறீர்கள். சால்மன் பயணத்துக்கு இதை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். எந்த மாதம், யாருடைய நீர் என்று முடிவுசெய்து, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அதற்குத் தக்கபடி மகன் லீவு எடுக்கட்டும். பிறகு விசா. டிக்கெட் எல்லாவற்றுக்கும் கடைசி.

நடக்கிற உரிமை வேறு, மீன் உரிமை வேறு

உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி. 2003 ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தில் பெரும்பாலான நிலங்களிலும் நீர்நிலைகளிலும் யாரும் பொறுப்போடு நடமாடலாம். ஆனால் அதே சட்டம் வேட்டையையும் மீன்பிடிப்பையும் அந்த உரிமைக்குள் சேர்க்கவில்லை. சால்மன் பிடிக்கும் உரிமை அங்கே ஒரு தனிச் சொத்து. கரை நிலம் ஒருவர் பெயரில் இருக்கும். அதை ஒட்டி ஓடும் தண்ணீரில் சால்மன் பிடிக்கிற உரிமை இன்னொருவர் பெயரில் இருக்கும். வீடு, வயல் போல அதை விற்கலாம், வாரிசுக்கும் போகும்.

உங்களுக்கு இது புரியாத சங்கதி இல்லை. கண்மாய்க் கரையில் யாரும் நடக்கலாம், மாடு குளிப்பாட்டலாம். மீன்பாசி ஏலம் எடுத்தவர் இருக்கும்போது வலை போட முடியுமா? அதே கணக்குதான். அங்கே எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சால்மனுக்குத் தூண்டில் போடுவது குற்றம். 'எழுத்துப்பூர்வ' என்ற சொல்லைக் கவனியுங்கள். "போன வாரம் ஒருத்தர் சரின்னு சொன்னார்" என்பது செல்லாது. ஆற்றுக் காவலர் வந்து கேட்டால் காட்டுவதற்குக் கையில் சீட்டோ மின்னஞ்சலோ இருக்க வேண்டும். வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் அடுத்த விசா விண்ணப்பத்தில் அதையும் எழுத வேண்டியிருக்கும்.

இன்னொன்று. இங்கிலாந்தில் அரசு தரும் தூண்டில் உரிமம் வேண்டும். ஸ்காட்லாந்தில், எல்லையோர எஸ்க் ஆற்றைத் தவிர, அப்படி ஓர் உரிமமே கிடையாது. எனவே "ஸ்காட்லாந்து சால்மன் லைசென்ஸ்" என்று யாராவது விற்க வந்தால் காசு கொடுக்காதீர்கள்.

நீங்கள் வாங்க வேண்டியது ஒரு 'பீட்'டில் ஒரு 'ராடு'. பெரிய ஆறுகளை நீளவாக்கில் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டுக்குப் பீட் என்று பெயர். ஒரு நாளில் ஒரு பீட்டில் இத்தனை பேர்தான் தூண்டில் போடலாம் என்று எண்ணிக்கை உண்டு. அதில் ஓர் இடம்தான் ராடு. ஒரே ராடை நீங்களும் மகனும் மாற்றி மாற்றிப் பிடிக்கப் பல இடங்களில் விடுவார்கள். ஆனால் முன்பதிவின்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு ராடுக்குப் பணம் கட்டிவிட்டு இரண்டு கம்பை ஒரே நேரத்தில் தண்ணீரில் வைத்தால் இரண்டாவது கம்புக்கு அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம். கம்பைக் கரையில் குத்திவைத்துவிட்டு டீ குடிக்கப் போவதும் கூடாது. தூண்டிலை ஆள் கையில் பிடித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி வேண்டாம், ஞாயிறும் கிடையாது

டே ஆற்றின் சீசன் ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரை. இதை நீங்கள் சரியாகவே படித்திருக்கிறீர்கள். சீசன் திறந்திருப்பதும் மீன் வந்திருப்பதும் ஒன்றில்லை, அவ்வளவுதான். பிப்ரவரியில் கடலிலிருந்து புதிதாக ஏறிவரும் சால்மன் மிகக் குறைவு. தூண்டிலில் மாட்டுவதில் பெரும்பாலானவை, முந்தைய குளிர்காலத்தில் முட்டையிட்டு மெலிந்து கடலுக்குத் திரும்பிப் போகும் மீன்களாக இருக்கும். அவற்றைக் கெல்ட் என்பார்கள். தலை பெருத்து வயிறு ஒட்டி இருக்கும் அந்த மீனை வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. புது மீனே கிடைத்தாலும் மார்ச் 31 வரை ஸ்காட்லாந்து முழுக்க எல்லாச் சால்மனையும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். தண்ணீர் நான்கைந்து டிகிரியில் இருக்கும். மதுரை வெயிலில் பழகிய 61 வயது முழங்காலை அதில் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது ஞாயிறு. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கச் சட்டமே தடை போட்டிருக்கிறது. ஆகவே மகனின் வார இறுதியில் உங்களுக்கு மிஞ்சுவது சனி மட்டும். சனிக்கிழமை ராடுகளுக்குத்தான் போட்டி அதிகம். மகன் வாரநாட்களில் மூன்று நாளாவது லீவு எடுத்தே ஆக வேண்டும்.

எந்த மாதம் என்றால், உங்கள் நிலைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஜூனில் ஸ்பே ஆறு. கடலிலிருந்து வந்த வெள்ளி மின்னும் மீன், இரவு பத்து மணி வரை வெளிச்சம். ஆனால் ஸ்பேயில் பெரும்பாலும் தொடையளவு, இடுப்பளவு நீரில் இறங்கி, உருளைக் கற்கள்மேல் நின்று வீச வேண்டும். மழை இல்லாவிட்டால் தண்ணீர் வற்றி மீன் அசையாது. மிட்ஜ் என்னும் பொடிக்கொசு முகத்தில் மொய்க்கும்.

இன்னொன்று, செப்டம்பர் பின்பாதியில் டே ஆறு. நான் உங்களுக்குச் சொல்வது இதுதான். பிரிட்டனிலேயே அதிகத் தண்ணீரைக் கடலில் சேர்க்கும் ஆறு டே. மேலே பெரிய ஏரிகளும் அணைகளும் இருப்பதால் சின்ன ஆறுகளைப் போலச் சட்டென்று வற்றாது. முக்கியமாக, டேயில் படகிலிருந்து பிடிக்கும் வழக்கம் உண்டு. பீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளைக் கில்லி என்பார்கள். நம்மூரில் கெட்டிக்காரனைச் சொல்கிற அதே ஒலி. அந்த ஆளுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. அவர் படகைச் செலுத்துவார், நீங்கள் உட்கார்ந்தபடியே பிடிக்கலாம். முழங்காலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. பிரிட்டனில் கம்பால் பிடித்த மிகப் பெரிய சால்மன் இந்த ஆற்றில்தான் கிடைத்தது. 1922 அக்டோபர் 7 அன்று, கேப்புத் ஊர்ப் பக்கம், அப்பா படகு தள்ள மகள் ஜார்ஜினா பாலன்டைன் பிடித்தது. 64 பவுண்டு, அதாவது 29 கிலோ. இருட்டும் வரை இரண்டு மணி நேரம் இழுத்தது அந்த மீன். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு குறையும் உண்டு. அப்போது வரும் பல மீன்கள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகி, வெள்ளி நிறம் போய்ச் செம்பழுப்பாக இருக்கும். சினை மீன்களை விட்டுவிட வேண்டும்.

கண்மாய்த் தூண்டில் அங்கே செல்லாது

மதுரையில் கம்பு வாங்காதீர்கள். இரையும் கொண்டுபோக வேண்டாம். மண்புழுவையும் இறாலையும் பெரும்பாலான பீட்களில் அனுமதிப்பதில்லை. வேறு நீரில் நனைந்த வலை, பூட்ஸ் எதுவும் உங்களோடு போகக்கூடாது. நார்வே ஆறுகள் பலவற்றில் சால்மனை அழித்த ஓர் ஒட்டுண்ணி பிரிட்டனுக்குள் இன்னும் வரவில்லை. அதனால் வெளியிலிருந்து வரும் ஈரப்பொருள் என்றாலே அவர்களுக்குப் பயம், அந்தப் பயம் நியாயமானது. கம்பு, நூல் சுற்றும் சுருள், பூட்ஸ் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். முன்பதிவின்போது உங்கள் உயரத்தையும் காலணி அளவையும் எழுதி அனுப்புங்கள்.

ஒரு பெரிய வித்தியாசத்தை இங்கிருந்தே மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள் ஏறிவிட்ட சால்மன் இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் மாதக்கணக்கில் ஓட்டும். ஆகவே பசியுள்ள மீனுக்கு இரை காட்டும் கண்மாய்க் கணக்கு இங்கே உதவாது. இறகும் மயிரும் நூலும் வைத்துக் கட்டிய ஃப்ளையை அதன் முகத்துக்கு முன்னால் நீரோட்டத்தில் குறுக்கே நகர்த்தி, அதைக் கடுப்பேற்றியோ பழைய வேட்டை நினைவைக் கிளப்பியோ வாயைத் திறக்க வைக்க வேண்டும்.

செய்முறை இது. கையில் 14, 15 அடி நீளமுள்ள இரட்டைக்கைக் கம்பு. ஆற்றுக்குக் குறுக்கே நேராக வீசாமல், கீழ்நோக்கிச் சுமார் 45 டிகிரி சாய்வில் வீசுங்கள். ஓட்டம் நூலை இழுக்க, ஃப்ளை அரைவட்டமாக உங்கள் கரைப் பக்கம் வரும். நேர் கீழே வந்து நின்றதும் சில விநாடி அப்படியே தொங்க விடுங்கள்; பின்தொடர்ந்து வந்த மீன் பலமுறை அந்த இடத்தில்தான் கவ்வும். பிறகு நூலைக் கொஞ்சம் இழுத்து, ஒரு கஜம் கீழே நகர்ந்து, மறுபடி வீச வேண்டும். படகில் என்றால் நகர்த்துவதைக் கில்லி பார்த்துக்கொள்வார்.

இனி, உங்கள் கை செய்யப்போகும் தவறு. தக்கை அமுங்கினதும் சுண்டி இழுத்துப் பழகிய கை அது. சால்மன் கவ்வும்போது அப்படிச் சுண்டினால் ஃப்ளை வாயிலிருந்து நழுவி வந்துவிடும். சால்மன் ஃப்ளையை எடுத்துக்கொண்டு தான் கிடந்த இடத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பலில்தான் தூண்டில் முள் வாயோரத்தில் ஏறும். முதலில் நூலில் ஒரு தட்டல், அடுத்து மெல்ல ஓர் இழுவை, பிறகு கம்பின் நடுவரை கனம் தெரியும். கனம் தெரிகிற வரைக்கும் ஒன்றும் செய்யாதீர்கள். தெரிந்ததும் கம்பை நிதானமாக உயர்த்துங்கள். இந்த இரண்டு மூன்று விநாடிப் பொறுமையில் தோற்றுத்தான் முதல் தடவை போகிறவர்கள் மீனை விடுகிறார்கள்.

முதல் நாள் காலையில் இரண்டு மணி நேரம் பயிற்சியாளரை வைத்து வீச்சுப் பழகுங்கள். 'ஸ்பே காஸ்ட்' என்னும் அந்த வீச்சில் நூலின் நுனி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மொட்டை மாடியிலோ காய்ந்த வைகை மணலிலோ அதைப் பழக முடியாது. வீசும்போது கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். காற்று திரும்பினால் முள் வந்து சேரும் இடம் முகம்தான்.

விருந்துக்கு அந்த மீன் வராது

இதைச் சொல்லும்போது உங்கள் முகம் வாடும் என்று தெரியும். ஆனாலும் புறப்படும் முன்பே சொல்லிவிடுவதுதான் நல்லது. ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு ஆற்றையும் ஆண்டுதோறும் மீன்வளத்தைப் பார்த்து 1, 2, 3 என்று தரம் பிரிக்கிறார்கள். மூன்றாம் தரம் என்றால் எந்தச் சால்மனையும் எடுக்கக் கூடாது. முதல் இரண்டு தரத்திலும் பீட்டின் சொந்த விதி அதைவிடக் கடுமையாக இருக்கலாம். தூண்டிலில் பிடிபடும் சால்மன்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இன்று திரும்ப ஆற்றில்தான் விடப்படுகின்றன. 2023 டிசம்பரில் பிரிட்டன் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ளதாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. கம்பால் பிடித்த சால்மனை அங்கே விற்கவும் முடியாது. ஒருவேளை ஒரு மீனை வைத்துக்கொள்ள விட்டாலும், மீன் பொருளை இந்தியாவுக்குள் கொண்டுவரச் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும்; அது இல்லாமல் வரும் பெட்டி விமான நிலையத்தோடு நின்றுவிடும். எனவே ஐஸ் பெட்டியை மறந்துவிடுங்கள்.

நம்மூர் மீன்பிடித் திருவிழாவில் பிடித்த மீன் வீட்டுக் குழம்பில் கொதித்தால்தான் திருவிழா நிறைவு. டே ஆற்றில் மீன் உங்கள் கையிலிருந்து நழுவித் திரும்ப ஓடும் அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு செலவும். அதைச் சரியாகச் செய்யுங்கள். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியை அமுக்கிவிடச் சொல்லுங்கள். மீனைக் கரையில் இழுத்துப் போடாமல், முடிச்சில்லாத வலையில், தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றுங்கள். கையை முதலில் நனையுங்கள். காய்ந்த கை அதன் மேல்வழுவழுப்பை உரித்துவிடும். தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்து, வயிற்றை உள்ளங்கையில் தாங்கி, செவுள் சீராக அடிக்கும் வரை காத்திருங்கள். வால் தானாக உதறும்போது விடுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் மகன் முன்கூட்டியே போனைத் தயாராக வைத்திருக்கட்டும்.

விருந்துக்கு ஒரு யோசனை. எடின்பரோ கடைகளில் கிடைக்கும் சால்மன் பண்ணை மீன். அதை வாங்கி மகன் வீட்டில் சமையுங்கள். நேரம் போட்டுக் கொதிக்கவிட்டால் உதிர்ந்துவிடும். குழம்பு கூடி வந்ததும் துண்டுகளைப் போட்டு ஐந்தாறு நிமிடத்தில் இறக்குங்கள். நம்மூர் மார்க்கெட்டில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது காலா மீன். அதற்கும் சால்மனுக்கும் உறவில்லை. அதை வைத்துச் சுவையைக் கணக்குப் போடாதீர்கள்.

உடம்புக்கு

புறப்பட ஒரு மாதம் முன்பு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை என்றால் குளிரில் நாள் முழுக்க வீசும்போது சர்க்கரை இறங்கக்கூடும், அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். கை நடுக்கத்தைக் குளிர் என்று நினைத்துவிடுவது எளிது. சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும், அது எந்தப் பையில் என்று கில்லியிடமும் சொல்லிவையுங்கள். மாத்திரை கைப்பையில், மருந்துச் சீட்டோடு. மாலையில் பூட்ஸைக் கழற்றியதும் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

படகில் மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள். ஆசைக்கு ஒரு மணி நேரம் தண்ணீரில் இறங்கினால் இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக் கட்டி, ஊன்றுகோலோடு, முழங்காலுக்கு மேல் போகாமல் நில்லுங்கள். வழுக்கி விழுந்தால் எதிர்நீச்சல் வேண்டாம். மல்லாந்து, கால்களைக் கீழோட்டப் பக்கம் வைத்து, கரையை நோக்கிச் சாய்ந்து மிதந்து வாருங்கள்.

மகன் அங்கே இருப்பதால் உங்களுக்கும் இலவச சிகிச்சை என்று எண்ண வேண்டாம். மருத்துவமனையில் சேர்ந்தால் வெளிநாட்டு விருந்தாளிக்குக் கட்டணம் உண்டு. காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையையும் முழங்காலையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் கட்டிய பிரீமியம் வீண்.

காசும் தேதியும்

மகன் வீட்டில் தங்குவதால் 4 லட்சத்தில் முடிக்கலாம், அதில் ஒரு லட்சத்து இருபதாயிரத்தை மீன்பிடிப்புக்கென்று தனியாக எடுத்து வைத்தால். ராடு விலை, பீட்டையும் வாரத்தையும் பொறுத்து ஒரு நாளுக்கு ஐம்பது அறுபது பவுண்டிலிருந்து இருநூறு முந்நூறு பவுண்டு வரை போகும். நடுத்தரமான ஒரு பீட்டில், கில்லியும் படகும் சேர்ந்த ராடு ஒன்றை மூன்று நாளுக்கு எடுங்கள். மூன்று நாள் இருந்தால் பெருமழை ஒரு நாளைக் கெடுத்தாலும் மற்றது மிஞ்சும். வெள்ளம் வந்தால் பணம் திரும்புமா என்பதையும் கேளுங்கள், பெரும்பாலும் திரும்பாது. கில்லிக்கு நாள் முடிவில் அன்பளிப்புக் கொடுப்பது அங்கே மரபு, அதையும் கணக்கில் சேருங்கள். மூன்று நாளிலும் ஒரு மீன்கூடக் கிடைக்காமல் போகலாம். அனுபவசாலிகளுக்கும் இது நடக்கும்.

தங்குவதற்கு டன்கெல்ட் ஊர் வசதி. எடின்பரோவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். உங்கள் துணைவியார் ஆற்றங்கரைப் பேராலயத்தையும் காட்டையும் சுற்றலாம். அங்கிருந்து ரயிலில் கால் மணி நேரத்தில் பிட்லாக்ரி. டேயின் கிளையான டம்மல் ஆற்று அணையில் சால்மன் ஏறிப்போக 34 தொட்டிகளைப் படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள், 310 மீட்டர் நீளம். ஒரு பொழுதை ஒதுக்கி நீங்களும் கூடப் போங்கள்; நீங்கள் பிடிக்கப்போகும் மீனின் பாதையை அங்கே பார்க்கலாம்.

விசாவுக்குப் பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை சென்னையில் கொடுக்கலாம். வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். பீட் முன்பதிவு ரசீது, மகனின் அழைப்புக் கடிதம், ஓய்வூதிய வரவு தெரியும் வங்கிக் கணக்கு இவை போதுமான பலம். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் யாரிடமோ வாங்கிய பெருந்தொகையைக் கணக்கில் போட்டுக் காட்டாதீர்கள். அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். பேரப்பிள்ளைக்கென்று நெய்யும் பால்கோவாவும் கட்டிவிடாதீர்கள், இந்தியாவிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் பிரிட்டனுக்குள் கொண்டுபோகத் தடை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. செப்டம்பர் கடைசி இரண்டு வாரத்தில் எந்த மூன்று நாள் லீவு கிடைக்கும் என்று மகனிடம் கேளுங்கள். தேதி கைக்கு வந்ததும் மூன்று பீட்களுக்கு ஒரே கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: ராடு காலியா, படகும் கில்லியும் உண்டா, ராடைப் பகிரலாமா, கருவிகள் வாடகைக்கு உண்டா, மீனை விடும் விதி என்ன. பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். எதை எடுப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.